‘உங்க இஷ்டம்பா’ என்று எழுதியவனுக்கு

தம்பி,

வியாழக்கிழமை மத்தியானம் நீ அனுப்பிய செய்தியைத் தொழிற்சாலை கேன்டீனில், பாதி சாப்பிட்ட தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து படித்தேன். “உங்க இஷ்டம்பா. நீங்களே போட்டுடுங்க. பாஸ்வேர்ட் அதேதான்.” அவ்வளவுதான். நீ கோபமாக எழுதியிருந்தால் எனக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். கோபத்துக்குப் பதில் சொல்வதில் எனக்கு நீண்ட பழக்கம் உண்டு. உன் வரிகளில் கோபம் இல்லை. இனி இந்த மனிதரோடு பேசிப் பயனில்லை என்று முடிவு கட்டியவனின் வரிகள் அவை. இருபத்தோரு வயதில் அப்படி எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறாய். யாரிடம் கற்றாய் என்று நான் கேட்கப் போவதில்லை.

அடுத்த ஆண்டுக்கான பாடப் பதிவு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அந்த எட்டு மணி என்னுடையது. ஏழு ஐம்பத்தைந்துக்கே புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் என் மேசையில் உட்கார்ந்து, உன் மாணவர் எண்ணையும் பாஸ்வேர்டையும் தட்டி, பக்கம் திறக்கும்வரை காப்பியைத் தொடாமல் காத்திருப்பேன். நல்ல விரிவுரையாளர்களின் வகுப்புகள் பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும் என்று எனக்குத் தெரியும். நீ ஜொகூரில் விடுதியில் தூங்கிக்கொண்டிருப்பாய். ஒன்பது மணிக்கு அட்டவணையைப் படமெடுத்து அனுப்புவேன். பத்தரைக்கு “ஓகேப்பா” என்று வரும். இந்தத் தடவை நீ உன் அட்டவணையை நீயே போட்டுக்கொள்வதாகச் சொன்னாய். சண்டை வந்தது. நீ கிளம்பிப் போனாய். நான்கு நாளில் அந்த வேலை மறுபடி என் கைக்கே வந்துவிட்டது. எப்படிப் பார்த்தாலும் நான் ஜெயித்துவிட்டேன். கேன்டீனில் முதல் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். தட்டைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பியபோது அந்த நினைப்பு இல்லை.

இன்று சனிக்கிழமை. உன் அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருக்கிறாள். போனில் எழுதினால் நீ இரண்டு வரி படித்துவிட்டு ஓகே போட்டுவிடுவாய். அதனால் கணினி முன்னால் உட்கார்ந்து மெதுவாக எழுதுகிறேன். மின்னஞ்சலில் வரும். முழுதும் படித்து முடிக்கும்வரை பதில் போடாதே.

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் நீ “பிளானர்” என்று சொல்வாய். அதற்கு மேல் நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக நான் செய்வது நேரத்தை நிரப்புவது. எந்த மெஷினில் எந்த வார்ப்பு மோல்டு ஏற வேண்டும், எத்தனை மணிக்கு இறங்க வேண்டும், அடுத்தது எது, அதற்கு ஆள் யார். ஒரு மெஷின் காரணமில்லாமல் ஒரு மணி நேரம் சும்மா நின்றால் காலைக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்வார்கள். அப்படியே பழகிப்போய், சும்மா நிற்கிற எதைப் பார்த்தாலும் எனக்கு உடம்பு எரியும். வீட்டில் உன் அம்மா தேநீர்க் கோப்பையோடு சன்னலோரம் நின்றால்கூட என் கண் கடிகாரத்துக்குப் போகும். அவள் அதைக் கவனித்துவிட்டு, வேண்டுமென்றே இன்னும் ஐந்து நிமிடம் நிற்பாள்.

முதலாமாண்டு அறிமுக வாரத்தில் விடுதியில் இணையம் மெதுவாக இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை என்று நீ போன் செய்தாய். பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி நான் பதிந்தேன். அன்றைக்கு அது உதவி. இரண்டாவது செமஸ்டரில் நீ போனே செய்யவில்லை. நானாக உள்ளே நுழைந்தேன். உன் வாரத்தை என் மெஷின்களைப் போல அடுக்கினேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை இடைவெளியே இல்லை. வியாழன் காலை ஓர் ஆய்வுக்கூடம், அதோடு வாரம் முடிந்தது. நேரம் மிச்சமாகும், ஒரேயடியாகப் படித்துவிடலாம் என்று உன்னிடம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. வியாழன் மத்தியானம் பஸ் ஏறினால் நீ அன்றைக்கே பினாங்கு வந்து சேர்ந்துவிடலாம். நீ போன பிறகு இந்த வீட்டில் உன் அம்மாவும் நானும் பேசிக்கொள்ள விஷயம் கிடைக்காமல் டிவியை ஓடவிட்டுக்கொண்டிருந்தோம். மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமையாவது நீ இங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதை வாய்விட்டுக் கேட்கத் தெரியாமல் அட்டவணையாகப் போட்டேன்.

அந்த அட்டவணையை அச்சடித்து என் மேசைத் தடுப்பில் குத்தி வைத்திருந்தேன். அவ்வளவு பெருமை. தரப் பரிசோதனைப் பிரிவு முனியாண்டி அதைப் பார்த்துவிட்டு வந்து, “அண்ணே, எம் பொண்ணுக்கும் ஒன்னு போட்டுக் குடுங்கண்ணே. அதுவா போட்டா குட்டிச்சுவராப் போயிடும்” என்றான். போட்டுக் கொடுத்தேன். அதைக் கேள்விப்பட்டு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் போட்டேன். பெற்ற பிள்ளைகளின் பாஸ்வேர்டைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து, பெரிய மனிதர்கள் என் மேசையைச் சுற்றி நின்றதை இப்போது நினைத்தால் எனக்கே என்னவோ போல இருக்கிறது. மூன்று வாரம் கழித்து முனியாண்டி கேன்டீனில் எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னான்: “அண்ணே, மக கேக்குறா, இத போட்டவரு டாய்லட்டுக்கே போக மாட்டாரான்னு.” மேசையே சிரித்தது. அதன் பிறகு ஐந்து மாதம் நான் அவனோடு பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. நல்ல மனிதன், காலையில் பார்த்தால் “பசியாறிட்டீங்களாண்ணே” என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தான்.

அதே செமஸ்டரில்தான் உன் அறைத்தோழன் உன் அம்மாவுக்குப் போன் செய்தான். உனக்கு வளாக மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வயிற்றுப் புண். நான் போட்ட அட்டவணையில் மூன்று நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இடமே இல்லை. பன்னிரண்டு மணி வகுப்பு ஒரு கோடியில், ஒரு மணி வகுப்பு மறு கோடியில், நடுவில் வளாகப் பேருந்துக்கு இருபது நிமிடம். நீ ஒரு செமஸ்டர் முழுக்க பிஸ்கட் தின்று ஓடியிருக்கிறாய். ஒரு மோல்டைக் கழற்றி இன்னொன்றை மாட்ட நான் மெஷினுக்கு நாற்பது நிமிடம் தருவேன். முப்பதாகக் குறைக்கச் சொன்னால் கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சண்டை போடுவேன், இரும்பாக இருந்தாலும் ஆற வேண்டும் என்று. உன் அம்மா சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, “ஏன் அவன் சொல்லல?” என்பதுதான். “சொன்னா உடனே கேட்டுட்டுத்தான் நீங்க மறுவேல பாப்பீங்க” என்றாள் உன் அம்மா. அடுத்த செமஸ்டர் மதியம் ஒரு மணி நேரம் விட்டேன். அதை உன் நன்மைக்காகச் செய்த பெரிய சலுகையாக நினைத்துக்கொண்டேன். பாஸ்வேர்டைத் திருப்பித் தரவில்லை.

இதெல்லாம் நீ மன்னிக்கக்கூடியவை. அடுத்தது அப்படியா என்று எனக்குத் தெரியாது.

இந்த விடுமுறைக்கு நீ வந்து மூன்றாம் நாள் தேர்வு முடிவுகள் வெளியாயின. நீ அப்போது உன் நண்பர்களோடு பாலிக் புலாவுக்கு மோட்டாரில் போயிருந்தாய். நான் தொழிற்சாலையில் உன் கணக்கைத் திறந்து பார்த்தேன். வெப்ப இயக்கவியலில், நீங்கள் ‘தெர்மோ’ என்பதில், நீ தோற்றிருந்தாய். நான் எட்டு மணிக்குச் சண்டை போட்டு இடம்பிடித்த, நல்ல விரிவுரையாளர் என்று விசாரித்து வைத்த அந்த வகுப்பில்தான். உன் முடிவு உனக்குத் தெரிவதற்கு ஐந்து மணி நேரம் முன்னால் எனக்குத் தெரியும். அன்று மாலை வீட்டுக்கு வந்து, உனக்கு எதிரே உட்கார்ந்து, “ரிசல்ட் எப்ப வருதாம்?” என்று கேட்டேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு, “இன்னும் வரலப்பா” என்றாய். நான் சரி என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டுக்கொண்டேன். அதன் பிறகு இரண்டு வாரம், இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை, அதே கேள்வியை அதே குரலில் கேட்டேன். நீ ஒவ்வொரு தடவையும் பொய் சொல்வதைப் பார்த்தேன். நீயாக எப்போது சொல்கிறாய் என்று பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் செய்தது அதுவல்ல. நான் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். என்றைக்காவது தேவைப்படும் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை அது தேவைப்பட்டது. நீ மூலைக் கடையிலிருந்து ரொட்டி சானாய் தாப்பாவ் செய்து பொட்டலமாகக் கொண்டு வந்திருந்தாய். கை கழுவப் போனபோது உன் தாளை மேசைமேல் விட்டுப் போனாய். அடுத்த ஆண்டின் இரண்டு செமஸ்டர்கள், பென்சிலில், கட்டம் கட்டமாக. முதல் செமஸ்டரில் பதினான்கு கிரெடிட் மட்டும். தோற்ற பாடத்தை மறுபடி எடுத்திருந்தாய். அதோடு மூன்று பொறியியல் பாடங்கள். எட்டு மணி வகுப்பே இல்லை. புதன்கிழமை மத்தியானத்தில் ‘சைகை மொழி, 2’ என்று எழுதியிருந்தாய். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துச் சைகை மொழியை அடித்துவிட்டு, பதினான்கை இருபதாக்கத் தொடங்கினேன். நீ கை ஈரத்தோடு வந்து நின்றாய்.

“அப்பா, அது என் தாள்.”

“சைகை மொழி எதுக்கு உனக்கு?”

“ஆசையா இருக்கு. கேன்டீன்ல காது கேக்காத ஒரு அக்காவும் அண்ணனும் கடை போட்டிருக்காங்க. அவங்ககூட பேசணும்.”

“ஆசைக்கெல்லாம் கிரெடிட் கிடையாது.”

“இருக்குப்பா. ரெண்டு.”

அடுப்படியில் உன் அம்மா சிரித்துவிட்டாள். நல்ல பதில்தான் அது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பிவிட்டது. இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்ததை எடுத்தேன். தெர்மோவில் பெயிலானவன் சைகை மொழி படிக்கப் போகிறானாம் என்றேன். உன் முகம் மாறியது. நீ குரலை உயர்த்தவில்லை. “எப்ப பாத்தீங்க?” என்று கேட்டாய். வந்த அன்றைக்கே என்றேன். அதையும் ஒரு வெற்றிபோலச் சொன்னேன். நீ அடுத்துக் கேட்டாய்: “அப்ப தெரிஞ்சுகிட்டேதான் தினம் கேட்டீங்களா?”

 பொய் சொன்னது நீதானே என்று ஏதோ முணுமுணுத்தேன். நீ தாளை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாய். மறுநாள் காலை, இன்னும் ஒரு வாரம் விடுமுறை இருக்கும்போதே, பஸ் ஏறிவிட்டாய். உன் அம்மா அந்த ரொட்டியை இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்திருந்துவிட்டு எறிந்தாள்.

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்குக் காரணம் என்று எதையும் அடுத்த வரியில் எழுதப் போவதில்லை.

இப்போது உன் பெரியப்பா கதைக்கு வருகிறேன். நீ அலுத்துக்கொள்வாய், இத்தனை தடவை கேட்டாயிற்றே என்று. நீ கேட்ட கதை இதுதான். எங்கள் அப்பா பாலிக் புலாவில் டுரியான் பழ லாரி ஓட்டினார். நான் மூன்றாம் படிவம் படிக்கும்போது இறந்துபோனார். என்னைவிட ஒன்பது வயது மூத்த அண்ணன் மருத்துவமனையில் குமாஸ்தாவாக இருந்து என்னைப் படிக்க வைத்தார். மலைச் சாலையை அகலப்படுத்தியபோது நில அளவைக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைத் தன் அளவைக் கருவி வழியாகப் பார்க்கவிட்டார். எதிர்மலையில் நின்ற மரத்தின் ஒவ்வொரு கிளையும் தெரிந்தது. அன்றிலிருந்து நான் சர்வேயராக வேண்டும் என்றிருந்தேன். ஆறாம் படிவம் முடித்துப் பல்கலைக்கழக விண்ணப்பப் பாரம் வந்தது. அண்ணனுக்கு அச்சுப்போன்ற கையெழுத்து. அந்தப் பக்கத்தில் யாருக்குப் பாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். என் பாரத்தையும் அவர்தான் நிரப்பினார். முதல் இடத்தில் இருந்த நில அளவையை ஐந்தாவதுக்குத் தள்ளிவிட்டு, புள்ளியியலை முதலில் போட்டார். கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய ஒரு பேனா முனையில் என் வாழ்க்கை போய்விட்டது.

இதைத்தான் நீ பிறந்ததிலிருந்து கேட்கிறாய். உன் அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் செபராங் ஜெயாவில் அவர் வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். தீவுக்குத் திரும்பும் பாலத்தில் ஜாம் ஆகிவிடும் என்று சொல்லி எழுந்துவிடுவேன். அவருடைய மூத்த மகள் கல்யாணத்தில் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பினேன். அதற்கும் பாலத்தைத்தான் சொன்னேன்.

போன தீபாவளிக்கு நீ வெளியே உன் ஒன்றுவிட்ட அண்ணன்களோடு நின்றிருந்தாய். உள்ளே யாரோ ஒருவர் தன் மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பற்றிப் பேசினார். நான் வழக்கம்போல, “பாரத்த மட்டும் அண்ணன்கிட்ட குடுத்துடாதீங்க, மாத்திடுவாரு” என்றேன். சிரித்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவரும் சேர்ந்து சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. முறுக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்னை மட்டும் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “நானா மாத்தலடா. மாத்தட்டுமான்னு உன்னக் கேட்டேன். நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?” நான் எழுந்து, பாலத்தில் ஜாம் ஆகிவிடும் என்றேன். கார்க் கதவைச் சாத்தியதும் நீ, ஏன்ப்பா இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டாய். உன்னிடம் எரிந்து விழுந்தேன்.

ஞாபகம் இருக்கிறது. ஒரு நாளும் மறந்ததில்லை. அண்ணன் பாரத்தை மேசைமேல் விரித்து வைத்து, பேனா மூடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “சர்வேயர்னா வெயில்ல நிக்கிற வேலடா. நம்ம வீட்டுல அப்பா நின்னது போதாதா? மாத்திடட்டுமா? வேணும்னா சொல்லு, விட்டுடறேன்.” இரண்டு தடவை கேட்டார். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு வயது பத்தொன்பது. எனக்கு வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லி, அதில் போய்த் தோற்றால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. அவர் உழைப்பில் படித்துவிட்டு எதிர்த்துப் பேசுவதா என்றும் இருந்தது, ஆனால் பயம்தான் பெரிது. “உங்க இஷ்டம்ணே” என்றேன். அடியில் கையெழுத்தும் போட்டேன். ஓராண்டு முடிந்த பிறகு துறை மாறிக்கொள்ள வழி இருந்தது. அதற்கும் ஒரு பாரம் இருந்தது. நான் போய் வாங்கவே இல்லை.

வியாழக்கிழமை கேன்டீனில் உன் செய்தியின் முதல் இரண்டு சொற்களைப் பார்த்தபோது எனக்கு என்ன ஆனது என்று இப்போது உனக்குப் புரியும்.

அந்த இரண்டு சொற்களில் எவ்வளவு சுகம் இருக்கிறது என்று உன்னைவிட எனக்குத் தெரியும். பணிவாகத் தெரியும். பெரியவர்கள் மெச்சிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு எது கெட்டாலும் கெடுத்தவர் ஒருவர் தயாராக இருப்பார். முப்பத்து மூன்று ஆண்டுகளாக நான் அந்தச் சுகத்தில்தான் இருக்கிறேன். திட்டப் பிரிவுக்கு மேலாளர் வேண்டியிருந்தபோது என்னைத்தான் முதலில் கூப்பிட்டுக் கேட்டார்கள். எடுத்துக்கொள்கிறாயா என்று நேராகவே கேட்டார்கள். “உங்க முடிவு சார்” என்றேன். நான் வேலை கற்றுக்கொடுத்த பையனுக்குப் போனது. ஒன்பது ஆண்டுகளாக அவன் “அண்ணே, பிளான் ரெடியா?” என்று மரியாதையாகத்தான் கேட்கிறான். நான் கசந்துகொண்டு பதில் சொல்கிறேன். என்னிடமிருந்து பறித்துக்கொண்டவர்கள் என்று ஒரு பெரிய வரிசையே வைத்திருக்கிறேன். அந்த வரிசையில் பாதிப் பேர் பறிப்பதற்கு முன்னால் என்னைக் கேட்டவர்கள். இதை எழுதும்போதும் அவர்கள்மேல் எனக்குக் கோபம் போய்விடவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது பொய். உன் பெரியப்பாவுக்கு இன்னும் நான் போன் செய்யவில்லை. செய்வேனா என்று தெரியாது.

ஆனால் உன் வரிசையில் முதல் ஆளாக நிற்க எனக்கு விருப்பமில்லை. இதில் தியாகம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை நான் உன் பாடங்களைப் பதிந்தால், இன்னும் முப்பது ஆண்டு நீ என்னைச் சொல்லிக்கொண்டிருப்பாய். தீபாவளிக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவாய். சொல்வதற்கு உனக்கு நல்ல காரணமும் இருக்கும். அப்படி ஒருவரைச் சொல்லிக்கொண்டே வாழ்ந்துவிட முடியும் என்பதைத்தான் நான் செய்து பார்த்துவிட்டேனே. முடியும். வேறு எதுவும் நடக்காது, அவ்வளவுதான்.

ஆகவே நான் பதிய மாட்டேன். நீதான் பதிய வேண்டும். தொழிலை விட முடியாதவனாகச் சிலதை மட்டும் சொல்கிறேன். வெப்ப இயக்கவியலை வரும் ஆண்டில் முதல் செமஸ்டரில் மட்டும்தான் நடத்துகிறார்கள். அதை விட்டால் அதன்மேல் நிற்கிற மூன்று பாடங்களும் நகரும், ஓர் ஆண்டு போய்விடும். மற்றதெல்லாம் பிறகு சரி செய்துகொள்ளலாம், இதை முடியாது. அதனால் முதலில் அதைத் தட்டு. அதற்கு இரண்டு வகுப்புகள் இருக்கின்றன. ஒன்று நிரம்பினால் மற்றது என்று இரண்டின் எண்ணையும் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள். இரண்டும் நிரம்பிவிட்டால் மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருக்காதே, அன்றைக்கே உன் ஆலோசகரின் அறைக்கு நடந்து போ. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பார். மத்தியானம் சாப்பிடு.

பதினான்கு கிரெடிட் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. குறைவு என்றுதான் நினைக்கிறேன். சொல்லிவிட்டேன், அதோடு சரி. அந்தக் கடைக்கார அக்காவோடும் அண்ணனோடும் பேசி நீ என்ன செய்யப் போகிறாய் என்றும் எனக்குப் புரியவில்லை. உன் தாளில் சிவப்பு மைக்கு அடியில் நீ எழுதியதை இன்னும் படிக்க முடிகிறது. அதைப் படமெடுத்து இதோடு இணைத்திருக்கிறேன், நீ வேறு பிரதி வைத்திருக்கிறாயா என்று தெரியாததால்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. முதலாமாண்டில் உன் கணக்கைத் திறந்தபோது தொடர்பு எண் என்ற இடத்தில் என் எண்ணைப் போட்டிருந்தேன். நீ கோபத்தில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாலும் மறந்துவிட்டது என்று ஒரு பொத்தானை அழுத்தினால் என் போனுக்குத்தான் புது எண் வரும், நான் உள்ளே போய்விடலாம். அதை வைத்துக்கொண்டுதான் நீ சொந்தமாகப் போடுகிறேன் என்றபோது நான் அவ்வளவு தைரியமாகச் சண்டை போட்டேன். இன்று காலை கடைசித் தடவையாக உள்ளே போய், என் எண்ணை எடுத்துவிட்டு உன் எண்ணைப் போட்டேன். பிறகு அந்தப் பொத்தானை அழுத்தினேன். பழைய பாஸ்வேர்ட் இனி செல்லாது. உன் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும். அது காலாவதியாகிவிட்டால் நீ அழுத்தினால் மறுபடி உனக்குத்தான் வரும். புதிதாக ஒன்றை வைத்துக்கொள். எனக்குச் சொல்லாதே, நான் கேட்டாலும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா பாசாரிலிருந்து வந்துவிட்டாள். பைகளை இறக்கக்கூட விடாமல் அவளிடம் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவன் எட்டு மணிக்கு எந்திரிக்க மாட்டானே. தூங்கிட்டா?”

“தூங்கட்டும்.”

“ஒரு வருஷம் போயிடும்னு நீங்கதான சொன்னீங்க?”

“போகும்.”

அவள் கீரைக்கட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலேயே, “நீங்க சும்மா இருக்க மாட்டீங்க. ஏழே முக்காலுக்கு அவனுக்குப் போன் அடிப்பீங்க” என்றாள்.

அவளுக்கு என்னைத் தெரியும். எனக்கும் அந்தப் பயம்தான். அதனால் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். திங்கட்கிழமைகளில் ஏழரைக்குத் தொழிற்சாலையில் வாரக் கூட்டம். போனை வெளியே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். பதிவு நாட்களில் எல்லாம் நான் ஏதாவது சாக்குச் சொல்லி அந்தக் கூட்டத்துக்குப் போனதில்லை. இந்தத் திங்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவும் போன் செய்து உன்னை எழுப்ப வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். அவள் கீரையை ஆயத் தொடங்கிவிட்டாள். அவள் செய்வது அவள் முடிவு. நான் அதற்குப் பொறுப்பில்லை, நீயும் அதை நம்பிப் படுக்காதே.

கூட்டம் ஒன்பதரைக்கு முடியும். வெளியே வந்து போனை எடுக்கும்போது உன்னிடமிருந்து செய்தி இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதைப் பதிந்தாய் என்று எழுத வேண்டாம். பதியத் தவறினாலும் அன்றைக்கே எழுத வேண்டாம். அடுத்த தடவை வீட்டுக்கு வரும்போது, எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, நீ சொல்லும்போதுதான் அது எனக்குத் தெரிய வரும்.

அப்பா